டொராண்டோ மடல்: முதல் ஐயத்திற்கு ஒரு சிறுநிதி

நீரிழிவு குறித்துப் புதிதாக எழும் ஐயம் ஒன்றுக்குப் பெருநிதி கிடைப்பது அரிது. நிதி வழங்குவோர் முதற்கட்டத் தரவுகளைக் கேட்கின்றனர், அத்தரவுகளைத் திரட்டவோ பணம் வேண்டியிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகப் பல்கலைக்கழகங்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு அளிக்கும் சிறுதொகையே முன்னோட்ட நிதி எனப்படும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பாண்டிங்–பெஸ்ட் நீரிழிவு மையம் இவ்வகை நிதியை வழங்கிவருவது மிகவும் பொருத்தமானது.

ஏனெனில் 1921 மே மாதம் அங்கு இன்சுலின் ஆய்வைத் தொடங்கிய பிரெடரிக் பாண்டிங், ஆய்வு அனுபவம் ஏறக்குறைய இல்லாத இளம் அறுவை மருத்துவர். பேராசிரியர் மெக்லியாட் அவருக்குக் கொடுத்தவை ஓர் ஆய்வறை, சில நாய்கள், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவ உதவியாளர், அவ்வளவே. கணையம் அகற்றப்பட்டு நீரிழிவுக்கு உள்ளான நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்தியபோது அவற்றின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. 1922 ஜனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்குச் செலுத்திய சாறு போதிய பலன் தரவில்லை. வேதியியலர் ஜேம்ஸ் காலிப் அதைத் தூய்மைப்படுத்திய பின்னர், ஜனவரி 23 அன்று செலுத்தியபோது பலித்தது. தோல்விக்கும் இடமளிக்கும் பணமே முதற்கட்ட ஆய்வுக்கு ஏற்ற பணம்.

நாகர்கோவிலின் வடசேரிக்கு நீரிழிவு ஆய்வு அந்நியச் செய்தியன்று. அங்குள்ள கனகமூலம் சந்தையில் குவியும் மரச்சீனிக் கிழங்கு, மீன்குழம்போடு நாஞ்சில் நாட்டு வீடுகளில் உணவாகும் அதே கிழங்கு, ஒரு காலத்தில் நீரிழிவு ஆய்வின் நடுவே நின்றது. கணையத்தில் சுண்ணக் கற்கள் படிந்து இளவயதிலேயே நீரிழிவு தோன்றும் நோயைத் திருவனந்தபுரத்தில் ஆராய்ந்த மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் உள்ளிட்டோர், கிழங்கிலுள்ள சயனைடு சேர்மங்கள் காரணமாகலாம் என ஐயுற்றனர். மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் அந்நோய் காணப்பட்டதால் அக்கருத்து நிலைபெறவில்லை. ஐயம் பொய்த்தாலும் அதைச் சோதித்தது வீணன்று.

சோதிக்கப்படாமல் கிடந்த ஐயமும் உண்டு. ஊட்டக்குறைவால் மெலிந்தோருக்கு வரும் நீரிழிவை உலகச் சுகாதார நிறுவனம் 1985இல் தனிவகையாக ஏற்றுப் பின்னர், சான்று போதாதென்று, 1999இல் நீக்கிவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயாளிகளிடம் இன்சுலின் சுரப்பே குறைந்திருப்பதைக் காட்டியது. 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ஐந்தாம் வகை நீரிழிவு என ஏற்றது. இடைப்பட்ட கால்நூற்றாண்டு ஏழை நோயாளிகளுக்கு நேர்ந்த இழப்பே.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஒரு பகுதியினரை அன்றாடம் காணும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்களுக்கு ஐயங்கள் எழாமலிரா. கடல் கடந்து வாழும் நாகர்கோவில்காரர்கள் கோயில் கொடைக்கு அனுப்பும் பணத்தோடு, அக்கல்லூரியில் ஒரு முன்னோட்ட நிதியை நிறுவவும் முன்வர வேண்டும்.