எல்கோ: தங்கமும் ஆட்டு மந்தையும்

கலிஃபோர்னியாவிலிருந்து யூட்டாவுக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் போகும் தமிழ்க் குடும்பங்கள் எல்கோவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார்கள். அகன்ற தொப்பி, பூட்ஸ், பிக்கப் டிரக்குகளைப் பார்த்து, இதுதான் அசல் அமெரிக்கா என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் வடகிழக்கு நெவாடாவின் இந்தச் சிற்றூர் வெளிநாட்டுக் கூலிகளின் உழைப்பில் வளர்ந்தது.

மேற்கு ஷோஷோனி பழங்குடியினரின் நிலத்தில், 1868 இறுதியில் சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதை வந்து சேர்ந்தது. அதைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அடுத்த ஆண்டே மனைகள் விற்று ஊர் உருவானது. டஸ்கரோரா போன்ற அக்கம்பக்கத்துச் சுரங்க ஊர்கள் வெள்ளியும் தங்கமும் தீர்ந்ததும் காலியாயின. ரயிலும் மாடும் இருந்ததால் எல்கோ தப்பித்தது.

மாடும் நிச்சயமில்லை. 1889-90 குளிர்காலப் பனியில் மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. அதுவரை குளிர்காலத்திலும் திறந்தவெளியிலேயே மேயவிட்டவர்கள், அதன்பிறகுதான் கோடையிலேயே புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கத் தொடங்கினார்கள்.

ஆடுகள் பெருகியபோது ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லை மலைகளிலிருந்து பாஸ்க் இளைஞர்கள் வந்தார்கள். சொந்த நிலம் கிடையாது. நம்மூர்க் கீதாரிகளைப் போல மந்தையோடு மாதக்கணக்கில் அலைந்தார்கள். மலைச்சரிவுகளில் ஆஸ்பென் மரப்பட்டைகளில் பெயரையும் ஆண்டையும் செதுக்கி வைத்தார்கள். குளிர்காலத்தில் வேலையில்லாதவர்கள் தங்குவதற்கென்றே 1910இல் எழுந்தது ஸ்டார் ஹோட்டல். இன்றும் அங்கே உணவைப் பெரிய பாத்திரங்களில் கொண்டுவந்து, மேசையில் இருப்பவர்கள் பகிர்ந்து சாப்பிடும்படி வைக்கிறார்கள்.

1934இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம் அரசு நிலத்தில் மேய்ப்பதற்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. சொந்தப் பண்ணை உள்ளவர்களுக்கே முன்னுரிமை. நிலமற்ற ஆட்டுக்காரர்களின் நாடோடிப் பிழைப்பு அத்தோடு முடிந்தது. பாஸ்க் குடும்பங்கள் ஊருக்குள் கடையும் உணவகமும் வைத்தன. 1964 முதல் அவர்களுடைய திருவிழாவும், 1985 முதல் கவ்பாய் கவிஞர்களின் கூடலும் இங்கே நடக்கின்றன.

இன்று ஊருக்குச் சோறு போடுவது தங்கம். 1961இல் நியூமான்ட் நிறுவனத்தின் புவியியலாளர்கள் பக்கத்து ஊரான கார்லின் அருகே கண்டுபிடித்த தங்கம் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்துகள்களாகப் பாறையில் கலந்திருந்தது. 1965இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. மலையைப் பெயர்த்து, நொறுக்கி, சயனைடு கரைசலால் பிரித்தெடுக்கிறார்கள். அமெரிக்கத் தங்கத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நெவாடாவில்தான் கிடைக்கிறது. பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லப் பேருந்துகள் ஓடுகின்றன.

சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் இடையே பெரிய வேலி இல்லை. 2019இல் பாரிக் என்ற தங்க நிறுவனமும் நியூமான்ட்டும் சேர்ந்து தொடங்கிய நெவாடா கோல்ட் மைன்ஸ் மாட்டுப் பண்ணைகளையும் நடத்துகிறது. குழியிலிருந்து இறைத்த நிலத்தடி நீரை அவற்றில் ஒன்றான டி.எஸ். பண்ணையின் தீவன வயல்களுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள்.

ஆடுகளுக்குப் பின்னால் இப்போது நடப்பவர்கள் பெரும்பாலும் பெரு நாட்டவர்கள். எச்-1பி விசாவில் வந்த நம்மவர்களால் கிரீன் கார்டு வரிசையில் காத்திருந்தபடியே விசாவை நீட்டித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் இந்த இடையர்கள் வருவது எச்-2ஏ என்னும் தற்காலிக விசாவில். தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதில் தங்க முடியாது.