பூவின் எண்ணெய்தானே என்றிருந்தேன்

சாவகச்சேரியில் எங்கள் வீட்டு அலுமாரியில் விரலளவு போத்தலில் கராம்பு எண்ணெய் எப்போதும் இருக்கும். சொத்தைப் பல் குத்தினால் உம்மா பஞ்சில் ஒரு துளி தொட்டு வைப்பார். சற்று நேரத்தில் பல் விறைத்துவிடும். கராம்பு விரியாத பூமொட்டுத்தான். அதன் எண்ணெயிலுள்ள யூஜினோல் வலியை மரத்துப்போகச் செய்கிறது. பல் வைத்தியர்களும் அதை நாக ஒட்சைட்டுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பதுண்டு.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது அலுமாரியோடு அதுவும் போயிற்று. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்கு உம்மா முதலில் வாங்கிய மருந்து இதுதான். அங்கே அலுமாரி ஏது? பாய்க்கருகில் இருந்தது. என் இரண்டு வயது மகன் மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டான். நாக்கு எரிந்ததும் வீசியெறிந்ததால் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ். ஒன்றிரண்டு தேக்கரண்டி குடித்த குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் கல்லீரல் பாதிப்பும் வந்ததுண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இதைத் தடவவே வேண்டாம். பெரியவர்களும் தேங்காயெண்ணெயில் கலந்து பல்லில் மட்டும் வையுங்கள். தனி எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுங்கள். வலி தணிந்தாலும் சொத்தை அப்படியே இருக்கும். பல் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். உம்மாவுக்கு அது மட்டும் பிடிக்காது.

எங்கள் வீட்டில் இப்போது போத்தல் மேல்தட்டில், பூட்டுக்குள்.