விருத்தகாசிக்கு மேலே ஒரு சாளரம்

கம்மாபுரம் வட்டாரத்தில் பிறந்து, பிள்ளைகளுடன் சென்னையில் முதுமையைக் கழிக்கும் பெரியோர் உண்டு. ஆண்டுதோறும் பேருந்தில் ஊருக்குச் சென்று குலதெய்வத்திற்குப் பொங்கலிட்டு வந்தவர்களுக்கு இப்போது முழங்கால் இடங்கொடுப்பதில்லை. திருவரங்கத்தையாவது சேவித்து வரட்டும் என்று பிள்ளைகள் திருச்சிக்கு விமானச் சீட்டு எடுத்துத் தருகிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அந்த வானவழி பிறந்த மண்ணை ஒட்டியே செல்கிறது என்பதை அறிந்தவர், இருக்கை கேட்கும்போது தயங்க மாட்டார்.

நிலப்படத்தில் சென்னையையும் திருச்சியையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு விருத்தாசலத்திற்குச் சற்று மேற்கே செல்லும். விமானத்தின் வழி நாளுக்கு நாள் சிறிது மாறினும், போகும்போது கடலூர் மாவட்டம் இடப்பக்கத்திலேயே விரியும். ‘ஏ’ என்னும் எழுத்துடைய இருக்கை இடச்சாளரம், ‘எஃப்’ வலச்சாளரம். பெரிய விமானங்களில் நடுவரிசைகளை இறக்கை மறைத்துவிடும். முன்வரிசையோ கடைவரிசையோ கேட்பது நலம். இறக்கை உச்சியில் அமைந்த சிறு விமானமாயின் அக்கவலை குறைவு. அவசர வழியை ஒட்டிய வரிசை முதியோர்க்குக் கிடைப்பது அரிது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. காலை வேளையில் இடப்பக்கம் கதிரவன் கண்ணைக் கூசச் செய்வான். பிற்பகலே உகந்தது. தை, மாசியில் மழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும்.

முதலில் தென்படுவன நெய்வேலிச் சுரங்கங்கள். சாம்பலும் கருமையுமாய்ப் படிப்படியாக இறங்கும் பெரும் பள்ளங்கள். அவற்றிற்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அப்பகுதியில் பல. அவர்களுள் ஒருவர் அச்சாளரத்தில் அமர்ந்தால் கண்கள் எதைத் தேடும் என்று சொல்ல வேண்டுமா? அப்பள்ளங்களுக்கும் விருத்தாசலத்திற்கும் இடையே உள்ள பசுமையில்தான் கம்மாபுரம் இருக்கிறது.

அவ்வுயரத்திலிருந்து கோபுரக் கலசம் தெரியாது. ஆற்றின் வளைவைக் கொண்டே தலத்தை அறிய வேண்டும். மணிமுத்தாற்றங்கரையில் வீடுகள் நெருங்கிய ஊர் திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலம். விருத்தகிரீசுவரர் அளித்த 12,000 பொன்னைச் சுந்தரர் இந்த ஆற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றின் போக்கிலேயே கண்ணைச் செலுத்தினால் அது வெள்ளாற்றோடு கூடும் இடம் வரும், அதுவே கூடலையாற்றூர். முதுகுன்றத்திற்கு வழி கேட்ட சுந்தரருக்கு, இது கூடலையாற்றூருக்குச் செல்லும் வழி என்று இறைவன் அந்தணராக வந்து உரைத்த தலம். தரையில் நடந்தவருக்கு வழி குழம்பிற்று. மேலிருந்து காண்பவருக்கு இரண்டு ஊர்களும் ஒரே சாளரத்துள் அடங்குகின்றன. அவற்றிற்கு அப்பால், நீண்டு மின்னும் நீர்ப்பரப்பு வீராணம் ஏரி. முதற் பராந்தகச் சோழன் காலத்தது. 2004 முதல் சென்னைக்கும் அந்நீர் செல்கிறது. மகன் வீட்டுக் குழாயில் ஊர்த் தண்ணீரே வருகிறது என்று மகிழலாம்.

தெய்வத்தின் கோயிலை மேலிருந்து நோக்குவது அபசாரமன்றோ என்று சிலர் தயங்குவர். திருமலைக்கு மேல் விமானம் பறக்கலாகாது என்னும் கோரிக்கையும் நெடுநாளாக உண்டு. அத்தயக்கம் மதிக்கத் தக்கதே. ஆயினும் விமானச் சாளரத்தில் நேர் கீழே உள்ளது தெரிவதில்லை. பக்கவாட்டில் தொலைவில் உள்ளதே தெரியும். தொலைவிலிருந்து கோபுரம் கண்டு கைகூப்பும் வழக்கத்திற்கு அது மாறானதன்று.

வலப்பக்கத்தாரும் இழப்பது குறைவே. தெளிந்த நாளில் செஞ்சிக் குன்றுகளுக்கு அப்பால் அண்ணாமலை தெரியும். தம்பதியர் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து, திரும்பும் பயணத்திலும் எழுத்து மாறாமல் அமர்ந்தால் இருவருக்கும் இரண்டும் கிட்டும்.

இனித் திருவரங்கம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவோ அதற்கு வடக்கே உள்ளது. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். ஆடியில் மேல்காற்று வீசும்போது மேற்கு நோக்கி இறங்கினால் வலப்பக்கத்தார்க்கும், தையில் கிழக்கு நோக்கி இறங்கினால் இடப்பக்கத்தார்க்கும் ஏழு திருச்சுற்றுகளும், 1987-இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரமும் காணக் கிடைக்கும். ஊரையும் பார்த்து அரங்கனையும் அதே சாளரத்தில் சேவிக்க விரும்புவோர், தை மாதத்துப் பிற்பகலுக்கு ‘ஏ’ இருக்கையை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.