ஆடிக்காத்தும் ஒரு துண்டு கருப்பட்டியும்

சீசன் ஆரம்பிச்சதுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான்: "டாக்டர், குற்றாலத்துல தண்ணி விழுதா?"

விழுது. அதே அளவு கூட்டமும் இருக்கு. அதனால இந்தத் தடவை அருவியை விட்டுட்டு, தென்காசியைச் சுத்தி சைக்கிள்ல போற ரெண்டு வழியைச் சொல்றேன். அதுல ஒரு வழியில நானே சுகர் இறங்கி விழப் போன கதையும் இருக்கு. கொஞ்சம் நீளம். ஒரு டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க. சுகர் இருக்கிறவங்க சீனி இல்லாம.

எனக்கு இந்த சைக்கிள் பைத்தியம் பிடிக்கக் காரணம் கூடப் படிச்ச ஒருத்தன். அயர்லாந்துல டாக்டரா இருக்கான். லீவு கிடைச்சா கில்லார்னி ஏரிக்கரையில சைக்கிளைச் சாய்ச்சு வச்சு போட்டோ அனுப்புவான். பின்னால மலை, மலை மேல மேகம், முன்னால தண்ணி, ரோட்டோரம் ஆடு. ரெண்டு வருஷம் பொறாமைப்பட்டுப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள்தான் உறைச்சது. இந்த நாலும் என் வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துல இருக்கு. அங்க ஏரி, இங்க குளம். சைக்கிள் பாதைன்னு போர்டு மட்டும்தான் இல்ல.

அவன் ஒரு விஷயம் அடிச்சுச் சொன்னான். "மேக்க இருந்துதான் காத்து வரும். முதல்ல அதை எதிர்த்து மிதி. திரும்பும்போது அதுவே தள்ளிக்கிட்டு வந்து வீட்டுல விட்டுரும்." அவன் சொன்னது அட்லாண்டிக் காத்தை. ஆனா நம்ம ஊருக்கும் அச்சு அசலா பொருந்தும். செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா நுழையும்போது கேரளாவுல கொட்டின மழையோட மிச்சம்தான் நமக்குச் சாரல். கிழக்க போகப் போக சாரல் குறைஞ்சு வெறும் காத்தா அடிக்கும். சுரண்டைப் பக்கம் அத்தனை காத்தாடி நிக்கிறது அதனாலதான்.

முதல் வழி மேற்க. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை. ஒரு பக்கம் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். செங்கோட்டை வரைக்கும் கேரளா போற லாரிங்க கூட ரோட்டைப் பங்கு போடணும், அதனால விடியறதுக்குள்ள அந்தப் பகுதியைத் தாண்டிருங்க. பண்பொழி திரும்பிட்டீங்கன்னா வேற உலகம். திருமலைக்கோவில் மலை, தென்னந்தோப்பு, கார் சாகுபடி வயல், கடைசியில அடவிநயினார் அணை. பேப்பர்ல தினம் அணை நீர்மட்டம்னு ஒரு கட்டம் வருமே, அதுல 132 அடின்னு போடுறது இதைத்தான். பக்கத்துலயே குண்டாறு, மொத்தமே 36 அடி. சின்னப் பிள்ளை தம்ளர் மாதிரி முதல் ஆளா நிறைஞ்சிடும். சாரல் முகத்துல அடிக்கும், மூச்சு வாங்கும். ஆனா திரும்பி வர்றப்போ பெடல் தானா சுத்தும். புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுல ஆரம்பிங்க.

ரெண்டாவது வழி கிழக்க. தென்காசி, ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுரண்டை, திரும்பும்போது சுந்தரபாண்டியபுரம். சுத்தி வந்தா 40க்குப் பக்கம். ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் வாசல்ல நான் எப்பவும் ஒரு நிமிஷம் நின்னு ஹெல்மெட் வாரைச் சரி பார்ப்பேன். 1981ல அதை ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணன் அவர்களே கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்தான். ஹெல்மெட் தலையைத்தான் காப்பாத்தும், கழுத்தை இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வாசல்ல வேகம் தன்னால குறையும்.

அதுக்கப்புறம் குளம், குளம், குளம். ஒரு குளம் நிறைஞ்சு மறுகால் போய் அடுத்த குளத்துக்கு. சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தா மலையாளிங்க வண்டி வரிசையா நிக்கும். நீங்க சைக்கிளை நிறுத்தாம போகவே முடியாது.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. நான் முதல்ல போனது கிழக்க. நண்பன் சொன்னதை மறந்தேன்னு சொன்னா பொய். நினைப்பு இருந்துச்சு, காத்து பின்னால இருந்து தள்ளுற சுகத்துல விட்டுட்டேன். சுரண்டை வரைக்கும் பறந்தேன். என் தொடையில பலம் வந்திருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு நாலு வருஷமா சுகர் இருக்கு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுறேன். அன்னைக்குக் காலையில மாத்திரையைப் போட்டுட்டு, சீனி இல்லாத காபி ஒண்ணு குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். டிபன் சுரண்டையில பார்த்துக்கலாம்னு. சுரண்டையில கடையில கூட்டம். சரி, வீட்டுக்கே போயிடலாம்னு திருப்பிட்டேன்.

இதே தப்பை என் பேஷண்ட் பண்ணியிருந்தா கிளினிக்ல அரை மணி நேரம் திட்டியிருப்பேன்.

திரும்பினதும் எதிர்காத்து. கியரைக் குறைச்சு மிதிச்சும் வண்டி நகரல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு சுகர் அவ்வளவா தாழாது. கிளிமிபிரைடு அப்படி இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். அதோட மிதிக்கிற காலும் தன் பங்குக்கு ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உறிஞ்சும். சுகர் தாழ்ந்தா முதல் அறிகுறி வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி. எனக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு. சாரல்ல நனைஞ்சிருக்கேன்னு நினைச்சேன். அங்க சாரலே இல்லைங்கிறது கூட அந்த நேரம் புத்தியில ஏறல. தன் புத்தி மங்குறதைத் தானே கண்டுபிடிக்க முடியாது. இந்த வியாதியில அதுதான் பயம்.

ஒரு குளத்தாங்கரையில வண்டி தானா ஓரம் கட்டிச்சு. இறங்கி உட்கார்ந்தேனா விழுந்தேனான்னு ஞாபகம் இல்ல. பாதி வத்தின குளத்துக்குள்ள ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் மேல ஏறி வந்தார். எழுபது வயசு இருக்கும்.

"எய்யா, என்ன செய்யி? காலைலேயே போட்டுட்டியளோ?"

அவரைத் தப்பு சொல்ல முடியாது. சுகர் தாழ்ந்தவன் பார்க்க அப்படித்தான் இருப்பான். ரோட்டோரம் கிடக்கிறவங்க எல்லாரும் குடிச்சவங்க இல்லைன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

நாக்கு குழறிச்சு. "சுகர்... சீனி..."ன்னு சொன்னேன் போல.

"சீனிக்கு எங்கய்யா போக?" இடுப்புல செருகியிருந்த பையில இருந்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துக் கையில வச்சார். "இந்தா, இதைக் கடிங்க."

பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல உலகம் திரும்ப வந்துச்சு. தூக்குவாளியில இருந்த நீத்தண்ணியும் சோறும் குடுத்தார். அதையும் குடிச்சேன். வேகமா ஏத்துறதுக்கு முதல்ல இனிப்பு, திரும்பவும் இறங்காம இருக்க அப்புறம் சோறு. படிக்காம சரியா செஞ்சார். நினைவு இருந்தது என் அதிர்ஷ்டம். மயங்கிக் கிடக்கிறவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

நான் டாக்டர்னு சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கல.

"டாக்டரா! பெறவு ஏன்யா வெறும் வயித்துல வந்திய? எங்க வீட்லயும் சுகருதான். சீனி கூடாதுன்னாவ, அதுல இருந்து கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கா. நாளைக்கு நாலு தடவ."

கருப்பட்டி சுகருக்கு ஆகும்னு ஃபார்வர்ட் அனுப்புற உறவுகளுக்கு இதைச் சொல்லிக்கிறேன். கருப்பட்டியில பெரும்பகுதி சர்க்கரைதான். அதனாலதான் நான் அன்னைக்கு எழுந்து உட்கார்ந்தேன்.

அவர் பேச்சுவாக்குல இன்னொண்ணு சொன்னார். "அவளுக்குக் கால்ல ஒரு புண்ணு. ரெண்டு மாசமா ஆற மாட்டேங்கு."

"வலிக்குதாமா?"

"வலியே இல்லைங்கா."

அந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கல. வலிக்காத புண்ணுன்னா நரம்பு செத்திருக்குன்னு அர்த்தம். ஆட்டைப் பேரன்கிட்ட விட்டுட்டு வாங்கன்னு சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அவர் பின்னாலேயே ஊருக்குள்ள போனேன். திண்ணையில உட்கார்ந்து மஞ்சள் பத்துப் போட்ட காலை நீட்டினாங்க அந்தம்மா. பெருவிரலுக்கு அடியில குழி. பக்கத்துல எல்லாம் கறுத்திருந்துச்சு.

"ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"வலிச்சாத்தானய்யா போகணும்."

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். புண்ணு எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. பெருவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. பாதம் தப்பிச்சது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்போம்.

இப்போ சைக்கிள் எடுக்கிற நாள்ல எனக்கு மாத்திரை அளவு வேற. அதை என் டாக்டர் மாத்திக் குடுத்தார். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கிளம்பறதுக்கு முன்னால ரெண்டு இட்லி. பையில குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பாக்கெட்டும். அதிக தூரம் மிதிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலயும் சுகர் இறங்கலாம், படுக்கப் போகும்போது ஒரு தடவை பார்த்துடுங்க. சீசன்ல காத்தை எதிர்த்து முதல்ல மேற்க, அப்புறம் கிழக்க. அயர்லாந்துக்காரன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்போ "சொன்னேன்ல"ன்னு ஒரே வார்த்தைதான் வந்துச்சு.

போன வாரம் பெரியவர் கிளினிக்குக்கு வந்தார். வீட்டம்மாவுக்கு மாத்திரை வாங்க. இப்போ கடுங்காப்பிதான் குடிக்காங்களாம், முகத்தைச் சுளிச்சுக்கிட்டு. போகும்போது மேஜை மேல ஒரு ஓலைப் பொட்டலத்தை வச்சார். உள்ள நாலு துண்டு கருப்பட்டி.

"அவ குடுத்து விட்டா. வீட்ல யாரும் தின்ன ஆளில்ல, சைக்கிள்ல போற டாக்டருக்குக் குடுத்துருங்கன்னா."