எதிர்வாய்க்கரைத் தெரு

வீராணம் ஏரியை சைக்கிளில் ஒரு முழுச்சுற்று சுற்றிவர வேண்டும் என்பது என் ரொம்பநாள் ஆசை. சாதனை ஒன்றுமில்லை. 40 கிலோமீட்டருக்கு முன்னே பின்னே வரும். அவசரப்படாமல், ஒரே சீராக மிதித்து, எங்கேயும் இறங்காமல் சுற்ற வேண்டும். அதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட நிபந்தனை. 58 வயசில இது என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். இறங்காமல் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

போன தையில் ஒருநாள் விடியற்காலை லால்பேட்டையிலிருந்து கிளம்பினேன். ஏரி நிறைந்து கிடந்தது. கீழ்க்கரையில் வடக்கே பார்த்து மிதித்தால் ஏரி இடக்கைப் பக்கம். வலக்கைப் பக்கம் பள்ளத்தில் அறுப்புக்கு நிற்கிற சம்பா. வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். சேத்தியாத்தோப்புப் பக்கம் போய் வளைந்து, எதிர்வாய்க்கரை என்று நாங்கள் சொல்கிற மேற்குப் பக்கம் வழியாகத் தெற்கே திரும்பினால் அப்போதும் ஏரி இடக்கைப் பக்கம்தான். சாமி கும்பிடுகிறவர்கள் வலம் வருவார்கள். நான் இடம் வந்தேன்.

இது முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இந்தக் கரையில்தான் தொடங்குகிறது, ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கல்லூரியில் படிக்கும்போது எல்லாரும் சொக்கிப்போய்ப் பேசுவார்கள். எனக்கு ஒன்று மட்டும் தோன்றும். அத்தனை பக்கத்திலும் அவனை யாரும் ‘எறங்குடா’ என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எங்க ஆயா இதே கரைக்குக் கூலிக்கு மண் சுமந்தவள். அவள் சொன்ன ஏரிக்கதையில் குதிரை கிடையாது, கூடைதான்.

கொள்ளிடத்தில் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து சேர்கிறது. முழுக்கொள்ளளவு 47.5 அடி. 2004இலிருந்து சென்னைக்கும் இங்கிருந்து குழாயில் போகிறது. ஏரி நிரம்பினால் கரைமேல் கார் நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். கரைக்குக் கீழே பள்ளத்தில் எங்கள் சேரி. மழை பிடித்துக்கொண்டால் எங்கம்மா ராத்திரி தூங்கமாட்டாள். ரேஷன் கார்டையும் என் சர்டிபிகேட்டையும் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

காட்டுமன்னார்கோயில் எங்களுக்குப் பக்கம். இளையபெருமாள் பிறந்த மண். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமைக் குழுவுக்குத் தலைவராக நாடு முழுக்கச் சுற்றி 1969இல் அறிக்கை கொடுத்தார். அறிக்கை கொடுத்து அஞ்சு வருஷம் கழித்து, 1974இல், எங்கப்பா செகண்ட்ஹேண்டில் ஒரு சைக்கிள் வாங்கினார். எனக்கு எட்டு வயசு. பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அத்தையைக் கட்டிக்கொடுத்தது எதிர்வாய்க்கரைப் பக்கத்துச் சேரியில். அங்கே போக ஊர்த்தெரு வழியாகத்தான் பாதை. ஊர் பேரு வேண்டாம்.

தெரு முனையில் ஒரு புளியமரம். அங்கே அப்பா இறங்கினார். என்னையும் இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். தலைத்துண்டு இடுப்புக்குப் போனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், நான் பின்னால்.

‘‘ஏம்ப்பா எறங்கிட்ட?’’

‘‘செயின் கழன்டுகிச்சிடா.’’

குனிந்து பார்த்தேன். செயின் பல்சக்கரத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. திண்ணையிலிருந்து யாரோ என்னமோ கேட்டார்கள். ‘‘ஆமாங்க ஆண்டே’’ என்றார் அப்பா. வீட்டில் அப்படிக் கூழையாகப் பேசுகிற ஆள் கிடையாது அவர். எண்ணி இருநூறு எட்டு இருக்கும். தெரு முடிந்ததும் என்னைத் தூக்கிப் பாரில் உட்காரவைத்தார். அவ்வளவு வேகமாக அவர் சைக்கிள் மிதித்து நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

இதெல்லாம் மனசில் ஓட, சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கடையோரம் காலூன்றி நின்றபடியே டீ குடித்துவிட்டு மேற்கே வளைந்தேன். இனிக் காற்று முதுகுப்பக்கம். மிதி தானாக வந்தது. நாரைக்கூட்டம், வலைக்காரர்கள், வெயில். ஒரு மணிநேரம் எதைப்பற்றியும் நினைக்காமல் போனேன். அந்த ஒரு மணிநேரத்துக்காகவே இன்னொருமுறை சுற்றலாம்.

ஊர்த்தெரு வந்தது. புளியமரம் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டியிருக்க வேண்டும். தெரு முடிந்து மறுபுறம் வந்த பிறகுதான் கவனித்தேன். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

யாரும் சொல்லவில்லை. இப்போது அந்தத் தெருவில் யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை, நம்ம பசங்க மோட்டார்பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள். நான் இருபத்தொன்பது வருஷமாக வாத்தியார். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். மரமே இல்லாத இடத்தில் என் கால் தரையில் ஊன்றியிருக்கிறது. செருப்பு காலில்தான் இருந்தது. அது ஒன்றுதான் மிச்சம்.

உடம்பெல்லாம் எரிந்தது. திருப்பினேன். தெரு முழுக்க ஏறி மிதித்துப் போனேன். முனையில் வட்டமடித்து மறுபடியும் ஏறியே வந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

‘‘என்னங்க தம்பி, இப்பிடியும் அப்பிடியும் போறீங்க? எதுனா தொலைச்சிட்டீங்களா?’’

மரியாதையாகத்தான் கேட்டார். நான் யாரென்று தெரிந்து கேட்டாரா, தெரியாமலா, தெரியவில்லை. எத்தனையோ மேடையில் பேசிய வாய். மிதிப்பதை நிறுத்தாமல் சொன்னேன்:

‘‘ஒண்ணுமில்லீங்க. செயின் கழன்டுகிச்சி.’’

அவர் செயினைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அதற்கப்புறம் செங்கால் ஓடை, கருவேலங்காடு, கொஞ்சம் மண்ரோடு. பத்தரை மணிக்கு லால்பேட்டை வந்துவிட்டேன். பாய் கடையில் ஒரு டீ. எங்கப்பாவுக்குக் கடைசிவரைக்கும் டீ என்றால் அந்தக் கடைதான். எல்லாருக்கும் ஒரே கிளாஸ்.

வீட்டில் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

‘‘எங்கடா போயிட்டு வர்ற, மூஞ்செல்லாம் கறுத்துப்போயி?’’

‘‘ஏரியச் சுத்திட்டு வர்றேம்மா.’’

‘‘அத்தை ஊரு வழியாவா?’’

‘‘ஆமா.’’

கொஞ்சநேரம் கீரையை உருவினாள்.

‘‘அந்தப் புளியமரம் இருக்குதா?’’

‘‘இல்லம்மா. வெட்டிட்டாங்க.’’