பீப்பாயில் நான்கு ஆண்டு, போத்தலில் ஒரு மாதம்!

சோயா கிச்சாப் போத்தலைத் திறந்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நம் வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மீ கோரேங், கிச்சாப் கோழி, சோறு கோரேங் என்று வாரத்தில் இரண்டு முறையாவது கை அந்தப் போத்தலுக்குப் போகும். அடுப்புக்குப் பக்கத்தில், எண்ணெய்க்கும் உப்புக்கும் நடுவில் அது நிற்கும். காலியானால் புதிது வாங்குவோம், அவ்வளவுதான். ஆனால் கிச்சாப்பையும் காலத்தையும் பற்றி நிறையவே யோசிக்க வைக்கிற ஒரு தீவு ஜப்பானில் இருக்கிறது. அதன் பெயர் ஷோடோஷிமா.

கறுத்த சுவர்களின் ஊர்

ககாவா மாநிலத்தின் தகமட்சு நகரிலிருந்து ஃபெர்ரியில் ஏறினால் ஷோடோஷிமாவுக்கு ஒரு மணி நேரம். நம் பினாங்கு ஃபெர்ரியைப் போல் நின்றுகொண்டே கடந்துவிடும் தூரம் அல்ல. அலை அடிக்காத செட்டோ உள்நாட்டுக் கடலில், சின்னச் சின்னத் தீவுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். 1908-இல் இங்கே ஒலிவ மரம் நடப்பட்டது. இன்றும் பெரும்பாலான பயணிகள் ஒலிவத் தோப்புகளில் படம் எடுக்கத்தான் வருகிறார்கள்.

கிச்சாப் ஊர் இருப்பது தீவின் தென்கிழக்கில். ‘ஹிஷியோ நோ சாதோ’ என்று அந்தப் பகுதிக்குப் பெயர். ‘ஹிஷியோ’ என்பது உப்பில் ஊறிப் புளித்த பண்டத்தைக் குறிக்கும் பழைய சொல். பேருந்தை விட்டு இறங்கியதுமே வாசனை வந்துவிடுகிறது. வறுத்த கோதுமையும் வெல்லப்பாகும் உப்புக்காற்றும் கலந்தது போல. ஆலைகளின் மரச்சுவர்களும் கூரை ஓடுகளும் கருகருவென்று இருக்கின்றன. தீப்பிடித்த கட்டடமோ என்று நினைக்கத் தோன்றும். நொதித்தலோடு சேர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிந்த கறுப்பு அது.

இந்தத் தொழில் இங்கே தொடங்கி ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆகின்றன. தீவில் முன்பே உப்பு விளைந்தது. சோயா அவரையும் கோதுமையும் கப்பலில் வந்தன. செய்த கிச்சாப்பை விற்க ஒசாகா சந்தை கடல்வழியில் பக்கத்திலேயே இருந்தது. உப்பும் கப்பலும் சந்தையும் கூடிய இடத்தில் தொழில் வேர்விட்டது. இன்றும் 20 ஆலைகள் வரை இங்கே இயங்குகின்றன.

ஆள் உயரத்தைத் தாண்டிய பீப்பாய்

யாமாரோக்கு போன்ற சில ஆலைகளில் பயணிகளை உள்ளே விடுகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அன்று காலை ‘நட்டோ’ சாப்பிட்டிருக்கக் கூடாது. நட்டோவில் உள்ள பாக்டீரியா பிடிவாதமானது. ஆலைக்குள் புகுந்தால் கிச்சாப்பின் பூஞ்சைக்குப் போட்டியாகிவிடும்.

பீப்பாய்களைக் ‘கியோக்கே’ என்கிறார்கள். சீடார் மரப்பலகையும் மூங்கில் வளையமும் மட்டும்தான். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும். படியேறி மேலே போய்த்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அவித்த சோயா, வறுத்து உடைத்த கோதுமை, ‘கோஜி’ பூஞ்சை, உப்புநீர் எல்லாம் சேர்ந்த கூழ் உள்ளே கிடக்கிறது. கோடையில் அது குமிழ் விட்டுப் பொங்கும், குளிரில் அடங்கும். எந்திரச் சூடு கிடையாது. பருவநிலைதான் அடுப்பு.

எஃகுத் தொட்டியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தினால் சுமார் ஆறு மாதத்தில் கிச்சாப் தயாராகிவிடும். இங்கே சாதாரண வகைக்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். உப்புநீருக்குப் பதிலாக, ஏற்கெனவே முதிர்ந்த கிச்சாப்பையே ஊற்றி மறுபடி ஊறவைக்கும் வகைக்கு நான்கு ஆண்டுகள் வரை ஆகும். இரண்டையும் சின்னத் தட்டில் ஊற்றிச் சுவைக்கத் தருகிறார்கள். முதலாவதில் உப்பு முன்னால் வருகிறது. இரண்டாவதில் உப்பு பின்னால் போய், இனிப்பும் ஆழமும் நாக்கில் நிற்கின்றன.

நேரலையும் பதிவும்

நான்கு ஆண்டுகள் திறந்த பீப்பாயில் கெடாத பொருள், மூடி போட்ட போத்தலில் ஏன் சீக்கிரம் மாறுகிறது? அங்கே நின்றபோது எனக்கு எழுந்த கேள்வி இது.

வானொலிக்காரி மொழியில் சொன்னால், பீப்பாயில் நடப்பது நேரலை. ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் உயிரோடு வேலை செய்து, மணத்தைப் புதிது புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. பிறகு கூழைப் பிழிந்து, சூடாக்கி, போத்தலில் அடைக்கிறார்கள். சூடு பட்டதும் அந்த வேலை நின்றுவிடுகிறது. போத்தலில் இருப்பது பதிவு. அதில் புதிதாக எதுவும் சேராது. இருப்பது தேயத்தான் செய்யும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது. நிறம் கறுக்கிறது, மணம் மங்குகிறது. சூடும் வெளிச்சமும் அதை வேகப்படுத்துகின்றன. அடுப்பங்கரை என்றால் கேட்கவே வேண்டாம்!

சாதாரண கிச்சாப்பில் நூற்றுக்கு 16 பங்கு அளவில் உப்பு இருக்கிறது. அதனால் அது எளிதில் நஞ்சாகாது. கெடுவது சுவைதான்.

நம் வீட்டுக்கு

· போத்தலில் அச்சிட்ட தேதி திறக்காத போத்தலுக்கானது. திறந்த பிறகு ஒரு மாதம் வரைதான் நல்ல சுவை என்பது ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

· திறந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் நாட்டு வெயிலுக்கு இது அவசியம். உப்பு குறைத்த வகை என்றால் கட்டாயம்.

· வெள்ளைத் தட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நீர்த்த வகை புதிதாக இருந்தால் செம்பழுப்பாகத் தெரியும். கறுத்துவிட்டதைத் தொட்டுக்கொள்ள வேண்டாம். கிச்சாப் கோழிக்கு ஊற்றிவிடலாம். கெட்டிக் கிச்சாப் எப்போதுமே கறுப்புதான், அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

· மேலே வெள்ளைப் படலம் மிதந்தால், அது பெரும்பாலும் உப்பைத் தாங்கும் ஒரு வகை ஈஸ்ட். ஆனாலும் மணமும் சுவையும் போயிருக்கும், கொட்டிவிடுங்கள்.

· தட்டில் மிஞ்சியதைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கரண்டி விடக்கூடாது என்று அம்மா சொல்வாரே, அதே கணக்கு.

· பெரிய போத்தல் விலை மலிவு. ஆனால் மூன்று பேர் உள்ள வீட்டுக்குச் சிறியதே லாபம்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பீப்பாய்

கிச்சாப்பைவிடப் பெரிய கவலை ஒன்று இந்தத் தீவுக்கு இருந்தது. ஒரு கியோக்கே 100 முதல் 150 ஆண்டுகள் உழைக்கும். இப்போது இருப்பவற்றில் பல அந்த வயதை நெருங்கிவிட்டன. ஜப்பானில் விற்கும் கிச்சாப்பில் மரப்பீப்பாயில் முதிர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. புதுப் பீப்பாய்க்கு ஆர்டர் இல்லாததால், பெரிய பீப்பாய் செய்யத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள்.

யாமாரோக்குவின் ஐந்தாம் தலைமுறை உரிமையாளர் யாசுவோ யாமாமோட்டோ 2012-இல் தச்சர்கள் இருவரோடு ஒசாகா பக்கம் உள்ள சாக்காய் நகருக்குப் போனார். பெரிய பீப்பாய் செய்துவந்த பட்டறையில் மூவரும் தொழில் கற்றார்கள். அடுத்த ஆண்டு தீவிலேயே பீப்பாய் செய்யத் தொடங்கினார்கள். இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் வேறு ஊர்களின் கிச்சாப், மிசோ, சாக்கே தயாரிப்பாளர்கள்கூட இங்கே கூடி, சேர்ந்து பீப்பாய் செய்கிறார்கள். வியாபாரத்தில் போட்டியாளர்கள், மூங்கில் வளையம் முடைவதில் கூட்டாளிகள்! அவர்கள் இன்று செய்யும் பீப்பாயில் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் கிச்சாப் ஊறவைப்பார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாருகின் அருங்காட்சியகம் பக்கம் கிச்சாப் ஐஸ்கிரீம் கிடைக்கும். பயப்படாமல் வாங்குங்கள், உப்பு போட்ட கேரமல் போல இருக்கும். கிச்சாப் வாங்கினால் பயணப்பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட போத்தலை விமான நிலையத்தில் விடமாட்டார்கள். வீடு வந்ததும், விருந்தாளி வரட்டும் என்று அலமாரியில் பூட்டி வைக்காமல், அந்த வாரமே திறந்துவிடுங்கள்.