அணிப் பெருக்கல் ஏன் இப்படி?

பத்தாம் வகுப்பில் அணிகள் பாடம் ஆரம்பிக்கும்போது எல்லோருக்கும் சந்தோஷம்தான். கூட்டலா? அந்தந்த இடத்து எண்ணை அந்தந்த இடத்து எண்ணோடு கூட்டினால் போதும். கழித்தலும் அப்படியே. அடுத்து பெருக்கல் வரும். அங்கேதான் வில்லங்கம்!

முதல் அணியின் நிரையை இரண்டாம் அணியின் நிரலோடு பெருக்கிக் கூட்ட வேண்டுமாம். "ஏன் சார், கூட்டல் மாதிரியே நேருக்கு நேர் பெருக்கினால் என்ன?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். "விதி அப்படி. எழுதிக்கோ" என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டான். பரீட்சையில் மார்க்கும் வாங்கினான். ஆனால் கணக்கு தனக்குப் புரியாது என்று அன்றே முடிவு கட்டிவிட்டான். பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவைத் தேடிச் சேர்ந்தான்.

உண்மையில் அவன் கேட்டது நல்ல கேள்வி. விடை ஒரு கிராஃப் தாளில் இருக்கிறது.

2×2 அணி வெறும் நான்கு எண்கள் அல்ல, அது ஒரு வேலையைச் செய்யும். மேல் நிரை 0, −1. கீழ் நிரை 1, 0 என்ற அணி, நிரலாக எழுதிய ஒரு புள்ளியை ஆதிப்புள்ளியைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 90° திருப்பும். மேல் நிரை 1, 0. கீழ் நிரை 0, −1 என்ற அணி, கிடை அச்சைக் கண்ணாடியாக வைத்துப் பிரதிபலிக்கும்.

(3, 1) என்ற புள்ளியைத் திருப்பினால் (−1, 3). பிறகு பிரதிபலித்தால் (−1, −3). வரிசையை மாற்றுங்கள்: முதலில் பிரதிபலித்தால் (3, −1), பிறகு திருப்பினால் (1, 3). இடமே வேறு! அரிசியைக் களைந்து வேக வைப்பதும் வேக வைத்துக் களைவதும் ஒன்றாகுமா என்ன? அணிப் பெருக்கலுக்குப் பரிமாற்றுப் பண்பு இல்லை என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

இரண்டு வேலையையும் ஒரே அணி செய்ய வேண்டுமானால், முதல் வேலையின் அணியை வலப்பக்கம் வைத்து, நிரையை நிரலோடு பெருக்க வேண்டும். திருப்பிப் பிரதிபலிப்பதற்குக் கிடைப்பது 0, −1; −1, 0. அது (3, 1) ஐ ஒரே தாவலில் (−1, −3) க்குக் கொண்டுபோகும். அந்தப் பையன் சொன்னபடி நேருக்கு நேர் பெருக்கினால்? நான்கு இடத்திலும் பூஜ்யம். எந்தப் படம் வரைந்தாலும் ஆதிப்புள்ளியில் சுருங்கிக் காணாமல் போய்விடும்!

1858இல் அணிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிய ஆர்தர் கெய்லி, அப்போது லண்டனில் வக்கீல். ஓர் உருமாற்றத்தின் மேல் இன்னொன்றைச் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் இந்த விதியை அவர் எழுதினார். வானத்திலிருந்து குதித்ததல்ல அது.

ஒரு கிராஃப் தாள், பத்து நிமிஷம். அன்று இவ்வளவு கிடைத்திருந்தால், தன் கேள்வி முட்டாள்தனமானது இல்லை என்றாவது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும்.